பெருந்தொற்றுக் காலத்தில் பேருந்துக்கும் மிதிவண்டிக்கும் அரசு உதவி: குமரி மாவட்டத்தை முன்வைத்து ஒரு பதில்

கொரோனா காலத்தில் உள்ளூர்ப் பேருந்துகளுக்கும் மிதிவண்டிப் பயணத்துக்கும் பல நாட்டு அரசுகள் பணம் ஒதுக்கினவே, அதனால் பயன் இருந்ததா, பெருநகரம் எதுவும் இல்லாத குமரி மாவட்டத்துக்கு அப்படிப்பட்ட உதவி பொருந்துமா என்பது கேள்வி. பொருந்தும் என்பதே என் பதில். ஆனால் பேருந்துக்குத் தரும் பணம் விற்ற பயணச்சீட்டின் கணக்கில் தரப்படாமல், ஓடிய நடையின், அதாவது பேருந்து சென்ற ஒவ்வொரு தடவையின், கணக்கில் தரப்பட வேண்டும். மிதிவண்டிக்குத் தரும் உதவி, பேருந்தை நிறுத்திவிட்டு அதற்கு ஈடாகத் தரப்படுவதாக இருக்கக் கூடாது. இந்த இரண்டு நிபந்தனைகளும் ஏன் தேவை என்பதை நம் மாவட்டத்தில் நடந்ததைக் கொண்டே விளக்க முயல்கிறேன்.

2020 மார்ச் 24ஆம் தேதி மாலையில் தமிழ்நாட்டில் பேருந்துகள் நின்றன. ஜூன் 1ஆம் தேதி மாநிலத்தை மண்டலங்களாகப் பிரித்து, 60 சதவீத இருக்கைகளில் மட்டும் பயணிகளை ஏற்றலாம் என்ற கட்டுப்பாட்டுடன் மீண்டும் ஓட்டினார்கள். அப்போது கன்னியாகுமரி, திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி ஆகிய நான்கும் ஒரே மண்டலத்தில் இருந்தன. ஜூலை 1 முதல் மறுபடியும் நிறுத்தம். செப்டம்பர் 1இல் மாவட்டத்துக்குள்ளும், 7இல் மாவட்டங்களுக்கு இடையிலும் சேவை திரும்பியது. இரண்டாம் அலையில் 2021 மே 10 முதல் மீண்டும் நின்று, குமரி மாவட்டத்தில் ஜூன் 28இல்தான் தொடங்கியது. மூன்று நிறுத்தங்களையும் கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ ஆறு மாதங்கள் பொதுமக்களுக்குப் பேருந்து இல்லை. மருத்துவப் பணியாளர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் தனிப் பேருந்துகள் விடப்பட்டன என்பது உண்மை. ஆனால் முந்திரி ஆலைக்குப் போகும் பெண், விடியுமுன் கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகும் தொழிலாளி, தனியார் மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்ப்பவர் ஆகியோருக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை. தொற்று பரவாமல் இருக்க மக்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்பது சரிதான். வீட்டில் இருக்க முடியாதவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானவர்களிடம் சொந்த வாகனம் இருப்பதில்லை.

இங்கே பேருந்தின் பொருளாதாரத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பெருந்தொற்றில் பேருந்துக்கு ஏன் உதவி வேண்டும் என்ற கேள்விக்கான விடை அதில்தான் இருக்கிறது. ஓட்டுநர், நடத்துநர், பணிமனைத் தொழிலாளர் ஆகியோரின் ஊதியம், ஓய்வூதியச் சுமை, கடன் வட்டி, வண்டியின் தேய்மானம் ஆகிய செலவுகள் பேருந்து நிறைந்து ஓடினாலும் காலியாக ஓடினாலும் மாறுவதில்லை. டீசல் செலவுகூட வண்டியில் ஏறிய ஆட்களைவிட ஓடிய தூரத்தையே சார்ந்தது. வருவாய் மட்டும் ஏறும் ஆட்களின் எண்ணிக்கையோடு ஏறி இறங்குகிறது. 55 இருக்கைகள் உள்ள ஒரு வண்டியில் 60 சதவீதம் என்றால் 33 பேர். அதே வண்டி, மார்த்தாண்டத்திலிருந்து காலை நேரத்தில் புறப்படும்போது, நிற்பவர்களையும் சேர்த்து 80 பேரை ஏற்றிச் சென்றிருக்கும். ஆகவே அதே கூட்டத்தைக் கொண்டுசேர்க்க இரண்டு மடங்குக்கும் மேலான நடைகள் தேவைப்படும். வருவாய் பாதிக்கும் கீழாகக் குறையும்போது செலவை இரட்டிப்பாக்கச் சொல்லும் ஏற்பாடு இது. வெளியிலிருந்து பணம் வராவிட்டால் எந்தப் போக்குவரத்துக் கழகமும் செய்யக்கூடியது ஒன்றுதான்: நடைகளைக் குறைப்பது. நடைகள் குறைந்தால் மீதமுள்ள வண்டிகளில் கூட்டம் நெரியும். எந்த நெரிசலைத் தவிர்க்கக் கட்டுப்பாடு போடப்பட்டதோ அதே நெரிசல் பேருந்து நிறுத்தத்தில் வந்து நிற்கும்.

குமரி மாவட்டத்தில் இந்தச் சிக்கல் மற்ற இடங்களைவிடக் கடுமையானது. இந்த மண்ணில் அரசுப் பேருந்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1938இல் திருவிதாங்கூர் அரசு தன் போக்குவரத்துத் துறையைத் தொடங்கியபோது முதலில் கையில் எடுத்த வழித்தடங்களில் திருவனந்தபுரம்–நாகர்கோவில்–கன்னியாகுமரிச் சாலையும் ஒன்று. 1956 நவம்பர் 1இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும் இந்த மரபு தொடர்ந்தது. அந்த இணைப்புக்காகப் போராடிய தலைவர் நேசமணியின் பெயரில் நாகர்கோவிலில் ஒரு போக்குவரத்துக் கழகமே இயங்கியது. இன்று திருநெல்வேலிக் கழகத்தின் கீழ் வரும் அரசுப் பேருந்துகளே இங்குள்ள மக்களைச் சுமக்கின்றன. சிற்றுந்துகள் அவற்றுக்குத் துணை, அவ்வளவே. தனியார் பேருந்துகள் நிறைய ஓடும் மாவட்டங்களில் ஒன்று நின்றால் வேறொன்று கிடைக்கும் வாய்ப்பு உண்டு. ராணித்தோட்டம், குழித்துறை, திருவட்டாறு, குளச்சல் பணிமனைகளிலிருந்து வண்டி வெளியே வராவிட்டால் இங்கே சாலையில் பேருந்தே இல்லை.

இன்னொன்றும் உண்டு. தொலைதூர வண்டிகளில் கிடைக்கும் வருவாய்தான் பாலமோர், பேச்சிப்பாறை, கோதையாறு போன்ற மலையோர இடங்களுக்குச் செல்லும், நட்டத்தில் ஓடும் நடைகளைத் தாங்கிப் பிடிக்கிறது. கேரளத்துக்கான பேருந்துகள் 2021 டிசம்பர் 1 வரை, அதாவது ஏறத்தாழ இருபது மாதங்கள், நின்றிருந்தன. மற்ற மாவட்டங்களுக்கு அது எல்லையோரச் செய்தியாக இருந்திருக்கலாம். களியக்காவிளையைக் கடந்து திருவனந்தபுரத்துக்கு வேலைக்கும் மருத்துவத்துக்கும் கல்விக்கும் தினமும் போய்வரும் நமக்கு அது பிழைப்பையே தொட்ட இழப்பு. அந்த வழித்தடத்தில் வந்த வசூல் நின்றதால் மலையோர நடைகளைத் தாங்கிய கையும் தளர்ந்தது.

அரசுகள் அப்போது என்ன செய்தன? முதலில் எடுத்துக்கொண்டதைச் சொல்ல வேண்டும். 2020 மே முதல் வாரத்தில், மக்கள் ஊரடங்கில் இருந்தபோது, தமிழ்நாடு அரசு டீசல் மீதான மதிப்புக் கூட்டு வரியை லிட்டருக்கு 2 ரூபாய் 50 காசு உயர்த்தியது. அடுத்த ஓரிரு நாட்களில் மத்திய அரசு டீசல் மீதான வரியை லிட்டருக்கு 13 ரூபாய் உயர்த்தியது. கச்சா எண்ணெய் விலை வீழ்ந்திருந்ததால் அந்தச் சுமை உடனே விற்பனை விலையில் தெரியவில்லை. ஜூன் மாதத்தில் விலை நாள்தோறும் ஏறத் தொடங்கியபோது தெரிந்தது. 60 சதவீத இருக்கைகளோடு ஓடிய அரசுப் பேருந்தும் அந்த வரியைக் கட்டியே டீசல் நிரப்பியது. பொதுப் பேருந்துக்கு உதவ விரும்பும் அரசு செய்யக்கூடிய மிக எளிய காரியம், பேருந்துக்கான டீசலில் இருந்து அந்தக் கூடுதல் வரியைத் திருப்பிக் கொடுப்பது. அப்போது அது நடக்கவில்லை.

தமிழ்நாடு அரசு செய்த நல்ல காரியம், கட்டணத்தை உயர்த்தாமல் இருந்தது. எல்லைக்கு அப்பால் கேரளம் 2020 ஜூலையில் குறைந்தபட்சக் கட்டணமான 8 ரூபாயை மாற்றாமல், அந்தத் தொகைக்குச் செல்லக்கூடிய தூரத்தை 5 கிலோமீட்டரிலிருந்து 2.5 கிலோமீட்டராகக் குறைத்தது. அங்கே பெரும்பாலும் தனியார் பேருந்துகள் ஓடுவதால் அவர்களுக்கு வேறு வழி இருந்திருக்காது. ஆனால் அதன் விளைவு, பேருந்தைவிட்டால் கதியில்லாதவர்களே அந்த இழப்பின் ஒரு பகுதியைச் சுமக்க நேர்ந்தது. இங்கே அந்தச் சுமை கழகத்தின் கணக்கில் கடனாகக் குவிந்தது. 2021 ஆகஸ்டில் மாநில நிதிநிலை குறித்து வெளியிடப்பட்ட வெள்ளை அறிக்கையில், அரசுப் பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 காசு இழப்பு என்று நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் தெரிவித்தார். அந்த எண்ணைக் கேட்டுப் பலர் திகைத்தார்கள். கழகங்களின் நிர்வாகத்தைக் குறைசொன்னார்கள். நிர்வாகத்தில் குறைகள் உண்டு, மறுக்கவில்லை. இருந்தாலும், ஊரடங்கினால் வண்டிகள் நின்று, ஊதியமும் வட்டியும் நிற்காமல் ஓடிய காலத்தின் கணக்கு அது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பெருந்தொற்றின் நடுவே வந்த பெரிய உதவி, நகரப் பேருந்துகளின் சாதாரணக் கட்டண வண்டிகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். 2021 மே 7இல் ஆணை, மறுநாளே நடைமுறை, இழப்பை ஈடுகட்ட 1,200 கோடி ரூபாய் என்ற அறிவிப்பு. மே 10இல் ஊரடங்கு வந்துவிட்டதால் மக்கள் இதன் பயனை ஜூன் இறுதியில்தான் உணர்ந்தார்கள். பிறகு மாற்றுத்திறனாளிகளுக்கும் திருநங்கையருக்கும் இது விரிவானது. இதை நான் வெறும் சலுகையாகப் பார்க்கவில்லை. பெருந்தொற்றில் பயணிகளை இழந்த பேருந்துக்கு மீண்டும் ஆட்களைக் கொண்டுவந்தது இது. கழகத்துக்குக் கட்டணப் பெட்டியைச் சாராத நிலையான ஒரு வருவாயையும் கொடுத்தது. மாநிலத் திட்டக் குழு பின்னாளில் செய்த ஆய்வில், ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாகக் கண்டார்கள். வேலை போய், கூலி குறைந்திருந்த வீட்டில் அது அரிசிக்கும் மருந்துக்கும் போகும் தொகை.

இருந்தாலும் பணம் மட்டும் போதாது என்பதற்கும் நம் மாவட்டமே சான்று. 2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுவிட்டு ஊர் திரும்ப ஏறிய மூதாட்டி ஒருவரை நாற்றம் அடிப்பதாகச் சொல்லிப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் அழுது முறையிட்ட காட்சி மாநிலமெங்கும் பரவியது, முதலமைச்சர் கண்டித்தார், ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். கடற்கரையிலிருந்து உள்ளூர்ச் சந்தைகளுக்குத் தலைச்சுமையாக மீன் கொண்டுபோகும் பெண்கள் இந்த மாவட்டத்தின் உணவு வழங்கலைத் தாங்குபவர்கள். கட்டணமில்லாச் சீட்டு அவர்களின் உரிமை என்று ஊழியருக்கும் சக பயணிக்கும் புரிய வைப்பது அரசு உதவியின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும். கட்டணமில்லாமல் ஏறும் பெண்ணைக் கண்டதும் நிறுத்தத்தைத் தாண்டி வண்டியை நிறுத்தும் பழக்கம் பற்றிய முறையீடுகளும் இதோடு சேர்ந்தவையே. பணம் ஏறிய ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்து வராமல், குறித்த நேரத்தில் ஓடிய நடையையும் நின்ற நிறுத்தங்களையும் பொறுத்து வரும்போது இந்தப் பழக்கத்தைக் கண்காணிப்பதும் எளிதாகும்.

இங்கிலாந்தின் அனுபவம் இந்த இடத்தில் உதவும். லண்டனுக்கு வெளியே அங்கே பேருந்துகளைப் பெரும்பாலும் தனியார் நிறுவனங்கள் நடத்துகின்றன. 2020இல் பயணிகள் வீழ்ந்தபோது, வருவாய்க்கும் செலவுக்கும் இடையிலான பள்ளத்தை அரசு நிரப்பியது. அதற்கு ஈடாகக் குறிப்பிட்ட அளவு சேவையை நிறுவனங்கள் தொடர வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. சீட்டு விற்றாலும் விற்காவிட்டாலும் வண்டி ஓட வேண்டும் என்பதே அதன் உட்பொருள். ஆனால் அதே அரசு, இயன்றவரை பொதுப் போக்குவரத்தைத் தவிர்க்கும்படி மக்களுக்கு அறிவுரையும் சொன்னது. ஒரு பக்கம் பேருந்துக்குப் பணம், மறுபக்கம் பேருந்தின் மேல் அச்சம். ஊட்டப்பட்ட அச்சம் பயணிகளின் மனத்தை விட்டு எளிதில் போவதில்லை. நம் ஊரிலும் இது நடந்தது. 2020க்குப் பிறகு கடனை வாங்கியாவது ஒரு ஸ்கூட்டர் வாங்கிவிட வேண்டும் என்று முடிவெடுத்த குடும்பங்கள் ஏராளம். அவர்களில் பலர் பேருந்துக்குத் திரும்பவில்லை. 2021 ஆகஸ்டுத் திருத்த நிதிநிலை அறிக்கையில் பேருந்துகளுக்கான டீசல் மானியமாக 750 கோடி ரூபாயும் பெண்களின் பயணத்துக்காக 703 கோடி ரூபாயும் ஒதுக்கப்பட்டன. அதே அறிக்கையில் பெட்ரோல் மீதான வரி லிட்டருக்கு 3 ரூபாய் குறைக்கப்பட்டது. அதனால் ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று அரசே சொன்னது. இரு சக்கர வாகனம் ஓட்டும் ஏழையின் சுமையைக் குறைத்ததை நான் எதிர்க்கவில்லை. அவரைவிட ஏழையாக, வேலைக்கு மிதிவண்டியில் போகும் ஒருவருக்கு அந்தக் கணக்கில் என்ன கிடைத்தது என்று மட்டும் கேட்கிறேன்.

மிதிவண்டிக்கு வருகிறேன். பெருந்தொற்றின் தொடக்கத்திலேயே, 2020 மார்ச்சில், கொலம்பியாவின் பொகோட்டா நகரம் சாலைகளில் தற்காலிகத் தடுப்புகளை வைத்து மிதிவண்டித் தடங்களை உருவாக்கியது. பாரிஸ் ஏறத்தாழ 50 கிலோமீட்டருக்கு அப்படிச் செய்தது. இங்கிலாந்து 2020 மே மாதத்தில் நடந்து செல்வதற்கும் மிதிவண்டிக்குமாக 200 கோடி பவுண்டுத் திட்டத்தை அறிவித்தது. இத்தாலி, 50,000 பேருக்கு மேல் வாழும் நகரங்களில், மிதிவண்டி வாங்குவோருக்கு விலையில் 60 சதவீதத்தை, 500 யூரோ வரை, தந்தது. பிரான்சு 50 யூரோவும் இங்கிலாந்து 50 பவுண்டும் பழைய மிதிவண்டியைப் பழுதுபார்ப்பதற்குத் தந்தன. எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது கடைசியாகச் சொன்னதுதான்; காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

இந்தியாவில் மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் 2020 ஜூன் மாதத்தில் நகரங்களுக்கு இடையே மிதிவண்டிக்கான ஒரு போட்டித் திட்டத்தை அறிவித்தது. சீர்மிகு நகரங்கள் (ஸ்மார்ட் சிட்டி), மாநிலத் தலைநகரங்கள், 5 லட்சம் பேருக்கு மேல் உள்ள நகரங்கள் ஆகியவையே அதில் சேரலாம். திருநெல்வேலியும் தூத்துக்குடியும் தகுதி பெற்றன. 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 2.25 லட்சம் பேரைக் கொண்டிருந்த நாகர்கோவிலுக்குத் தகுதி இல்லை. இங்கேதான் நம் மாவட்டத்தின் தனித்தன்மை கண்ணில் படாமல் போகிறது. அதே கணக்கெடுப்பின்படி குமரியில் 18.7 லட்சம் பேர் வாழ்கிறார்கள். அவர்களில் 82 சதவீதம் பேர் நகர்ப்புறவாசிகளாகக் கணக்கிடப்பட்டவர்கள். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல். களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் என்று வீடுகள் விடாமல் தொடரும் ஒரே நீண்ட ஊர் இது. அது பேரூராட்சிகளாகப் பிரிந்து கிடப்பதால், நகர எல்லையை வைத்து எண்ணும் எந்தத் திட்டத்திலும் சிறிதாகத் தெரிகிறது. மாவட்டத்தை ஓர் அலகாகக் கொள்ளும் திட்டம் வராதவரை, பேருந்துக்கும் மிதிவண்டிக்கும் வரும் மத்திய நிதி குமரிக்கு எட்டாது.

வரியிலும் ஒரு முரண் இருந்தது. பெருந்தொற்றின்போது மிதிவண்டிக்கு 12 சதவீதம் சரக்கு, சேவை வரி. மின்சாரக் காருக்கு 5 சதவீதம். மிதிவண்டிக்கான வரி 5 சதவீதமாகக் குறைந்தது 2025 செப்டம்பரில்தான். 2020 கோடையில் நாடெங்கும் மிதிவண்டிக் கடைகளில் இருப்புத் தீர்ந்து மக்கள் காத்திருந்தபோது அந்தக் குறைப்பு வந்திருக்க வேண்டும்.

குமரியில் மிதிவண்டி ஓட்டலாமா என்று கேட்பவர்களின் ஐயத்தில் நியாயம் உண்டு. விளவங்கோடும் கல்குளமும் ஏற்ற இறக்கம் நிறைந்த நிலம். சாலைகள் குறுகியவை; 66ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையிலேயே கனிமம் ஏற்றிய லாரிகளோடு இடம் பங்கிட வேண்டும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இங்கே பெய்கின்றன. அரசுப் பள்ளியில் கிடைக்கும் விலையில்லா மிதிவண்டி ஒற்றைப் பல்சக்கரத்தோடு கனமாக இருப்பதால் அருமனைப் பக்கத்து மேட்டில் உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். ஆனால் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் வயல்வெளி. நாஞ்சில் நாட்டின் சமநிலத்தில் முன்னோர் மிதிவண்டியில்தான் கோட்டாறு சந்தைக்குப் போனார்கள். அனந்தனாறு, தோவாளைக் கால்வாய், புத்தனாறு ஆகியவற்றின் கரைகள் மேடுபள்ளம் இல்லாமல் ஊர்களை இணைக்கின்றன. தண்ணீர் ஓடும் வாட்டத்தில் வெட்டப்பட்ட வழி மிதிவண்டிக்கும் ஏற்ற வழி. நீர்வளத் துறையின் ஆய்வுப் பாதையாக ஏற்கெனவே உள்ள அந்தக் கரைகளைச் செம்மண் கொட்டிச் சீராக்கி, விளக்கு வைத்து, கார் நுழையாதபடி கல் நட்டால் போதும். கடற்கரையோரம் ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டன்) கால்வாயின் கரை இன்னொரு வாய்ப்பு. அங்கே ஆக்கிரமிப்பும் குப்பையும் பெரிய தடை, எளிதில் தீராது.

புதிய மிதிவண்டிக்கு மானியம் தருவதைவிடப் பழுதுபார்க்க உதவுவதை ஏன் முன்வைக்கிறேன் என்றால், நம் வீடுகளில் மிதிவண்டிகள் இருக்கின்றன. பதினோராம் வகுப்பில் வாங்கியது, பிள்ளை கல்லூரிக்குப் போனதும் பின்கட்டில் சாய்த்து வைக்கப்பட்டு, உப்புக்காற்றில் சங்கிலி துருப்பிடித்து நிற்கிறது. டியூப், பிரேக் கட்டை, சங்கிலி மாற்றச் சில நூறு ரூபாய் போதும். அந்தத் தொகைக்கு ஒரு சீட்டை அரசு கொடுத்து, ஊரில் எஞ்சியிருக்கும் சைக்கிள் கடையில் மாற்றிக்கொள்ளச் சொன்னால், ஊரடங்கில் வருமானம் இழந்த அந்தக் கடைக்காரருக்கும் வேலை கிடைக்கும்.

மிதிவண்டியால் பேருந்துக்கு மாற்றாக முடியாது என்று தொடக்கத்தில் சொன்னதன் பொருள் இதுதான். கருங்கலிலிருந்து நாகர்கோவிலுக்கு யாரும் தினமும் மிதிக்க மாட்டார்கள்; வீட்டிலிருந்து கருங்கல் பேருந்து நிலையம் வரை மிதிப்பார்கள், அங்கே வண்டியைப் பூட்டி வைக்கக் கூரையுள்ள இடம் கட்டணமின்றிக் கிடைத்தால். திங்கள்சந்தை, தக்கலை, குலசேகரம், பூதப்பாண்டி, சுசீந்திரம் ஆகிய இடங்களிலும் இதே தேவை உண்டு. சிற்றுந்து நின்றுபோகும் பெருந்தொற்றுக் காலத்தில், உட்கிராமத்துக்கும் பெருவழிச் சாலைக்கும் இடையிலான அந்த இரண்டு மூன்று கிலோமீட்டரை ஆட்டோவுக்குக் கொடுக்கப் பணமில்லாதவர் கடக்க வேறு வழி கிடையாது.

தொற்றுக் காலத்தில் பேருந்தே ஆபத்தல்லவா என்ற அச்சத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் கைப்பிடியையும் இருக்கையையும் மருந்து தெளித்துத் துடைப்பதில் பெரும் உழைப்பு செலவானது. இந்நோய் காற்றின் வழியே பரவுகிறது என்பது 2021இல் தெளிவாக ஏற்கப்பட்டது. அப்படியானால் கதவும் சன்னலும் திறந்து ஓடும் நம் சாதாரணப் பேருந்து, கண்ணாடி மூடிய குளிர்சாதன வண்டியைவிடப் பாதுகாப்பானது. நம் ஊரின் சிக்கல் மழை: ஜூனில் சாரல் அடித்தால் பக்கத் தட்டிகளை இறக்கிவிடுவார்கள், உள்ளே காற்று நின்றுவிடும். மழை உள்ளே வராமல் காற்று மட்டும் வரும்படி கூரையில் திறப்பு அமைப்பது பணிமனையிலேயே செய்யக்கூடிய வேலை. பேருந்து உதவியின் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்கலாம்.

இனி இப்படியொரு நிலை வந்தால் மாவட்ட நிர்வாகம் முதல் நாளே எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒரு பட்டியல் பணிமனைவாரியாக இப்போதே எழுதப்பட வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பணிமாற்ற நேரங்களுக்கான நடைகள், தோட்டத் தொழிலாளர்களுக்கான விடியற்கால நடைகள், கடற்கரை ஊர்களிலிருந்து சந்தைகளுக்கான நடைகள், மலைப்பகுதிக் காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்கான கடைசி நடை ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். எவ்வளவு குறைந்தாலும் இவை நிற்கா என்று அறிவித்து, அவற்றின் முழுச் செலவையும், வசூல் எவ்வளவு என்று கேட்காமல், கிலோமீட்டர் கணக்கில் அரசு கழகத்துக்குச் செலுத்த வேண்டும். பட்டியலைத் தயாரிக்க நிபுணர் குழு தேவையில்லை. ஒவ்வொரு பணிமனையின் நேரக்காப்பாளருக்கும் எந்த நடையை நிறுத்தினால் யார் தவிப்பார்கள் என்பது தெரியும். அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் உங்கள் ஊருக்கான நடையைத் தீர்மானமாக எழுதிக் கேளுங்கள். கூடவே நிறுத்தத்தில் மிதிவண்டிக் கூரையையும் சேர்த்துக் கேளுங்கள்.